நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவில் ஒரு கிணறு

“அஞ்சுன்னுதானே பாப்பா சொன்னேன்? அதுக்கு மேல நம்பர் இல்லன்னு நீதான் சொன்ன. இருந்திருந்தா அதையும் சொல்லியிருப்பேன்.”

சரசு அக்கா இப்படிக் கேட்டபோது அவர் வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டிருந்தேன். வெளியே சாயங்கால மழை. உள்ளேயும் மழை. இரண்டு வாளி, ஒரு குண்டான், பிள்ளைகள் பால் குடித்த பழைய மக்கு எல்லாம் தரையில் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் சொட்டு ஒவ்வொரு சுருதியில் விழுந்தது. அக்கா அவற்றைத் தாண்டித் தாண்டி நடந்த விதத்தில் வருஷக்கணக்கான பழக்கம் தெரிந்தது. கால் எங்கே வைக்க வேண்டும் என்று அவர் கீழே பார்க்கவே இல்லை.

என் கையில் அவருடைய போரம், அதாவது கேள்விப் படிவம். மூன்று வாரங்களுக்கு முன்பு நானே கேட்டு நானே எழுதியது. ‘உங்கள் கூரையின் நிலை’ என்ற கேள்விக்கு எதிரே 5. எங்கள் அலுவலகக் கணக்கில் ஐந்து என்றால் மிக நன்று.

அந்த 5 மேல் ஒரு சொட்டு விழுந்து மை கரைந்தது.

புதிதாக வரும் மூன்று பேருக்கும் இதை எழுதுகிறேன். திங்கட்கிழமை என் பையும் தொப்பியும் அட்டையும் உங்களிடம் வந்துவிடும். வழக்கமாக இப்படி எழுதுகிறவர்கள் முப்பது வருஷம் வேலை பார்த்து, தலை நரைத்து, மேசையைக் காலி செய்கிறவர்களாக இருப்பார்கள். நான் பார்த்தது மூன்றே வருஷம். ஈப்போ வட்டாரத்தில் வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதும் வேலையை விட்டு, வேறு பக்கம் போகிறேன், அவ்வளவுதான். ஆனால் என்னிடம் சொல்வதற்கு ஒரு தப்பு இருக்கிறது. நரைக்கிற வரைக்கும் அதை வைத்துக்கொண்டு காத்திருந்தால், இடையில் நீங்களும் அதையே செய்துவிடுவீர்கள்.

தஞ்சோங் மாலிமில் படிக்கும்போது புள்ளியியல் வகுப்பில் முதல் வாரமே இதைச் சொல்லிக் கொடுத்தார்கள். எண் என்றால் எல்லாம் ஒரே எண் கிடையாது, நான்கு ஜாதி உண்டு: பெயருக்காக வரும் எண், வரிசைக்காக வரும் எண், இடைவெளி சமமாக இருக்கும் எண், பூஜ்யம் உண்மையிலேயே ‘ஒன்றுமில்லை’ என்றாகும் எண். பெயரளவை, வரிசை அளவை, இடைவெளி அளவை, விகித அளவை என்று பரீட்சையில் எழுதி முழு மார்க் வாங்கினேன். வாங்கியதோடு சரி.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதமே முதல் ஜாதியிடம் அடி வாங்கினேன். கோப்பெங் பக்கம் உள்ளே போனால் ஒரு பழைய ரப்பர் தோட்டம். இப்போது செம்பனை. ஆனால் அங்கே ரப்பர் பால் எடுக்க மரம் வெட்டியவர்களின் குடும்பங்கள், தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களை விட்டு, சாலைக்கு மறுபக்கம் பலகை வீடு கட்டிக்கொண்டு இன்னும் இருக்கின்றன. லயங்கள் இடிந்து வருஷங்கள் ஆகியும் ‘நாங்க ஏழாம் லயம்’, ‘அவுங்க ரெண்டாம் லயம்’ என்றுதான் பேச்சு. நானும் போரத்தில் லய எண்ணைக் குறித்து வந்தேன். கணினி முன்னால் உட்கார்ந்ததும் கை சும்மா இருக்கவில்லை. எல்லாவற்றுக்கும் சராசரி போட்டேன். வயதுக்குச் சராசரி, பிள்ளைகளுக்குச் சராசரி, லயத்துக்கும் சராசரி. வண்ணப்படம் வேறு.

எங்கள் அலுவலகத்தில் கணினி வேலை நஸ்ரினுடையது. அவள் அத்தாவுக்கு ஈப்போ பழைய டவுனில் சாப்பாட்டுக் கடை. என் வயதுதான் அவளுக்கும், ஆனால் வாய் என்னுடையதைப் போல இருமடங்கு. (இந்த ‘இருமடங்கு’ பற்றிப் பிறகு பேசலாம்.) படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“சராசரி லயம் மூனே முக்கால்னு போட்ருக்க. மூனே முக்காலாம் லயத்துல யாருடி குடியிருந்தா? கதவு இருந்துச்சா, இல்ல முக்கால் கதவா?”

ஒரு வாரம் எனக்கு அலுவலகத்தில் பேரே ‘முக்கால்’.

வெப்ப விஷயத்திலும் அப்படித்தான். தகரக் கூரைக்குக் கீழே காலையில் இருபத்து நாலு டிகிரி, மதியம் முப்பத்தாறு. ‘வீட்டுக்குள் வெப்பம் ஒன்றரை மடங்காகிறது’ என்று அறிக்கையில் எழுதி, அந்த வரியை நானே இரண்டு தடவை ரசித்துப் படித்தேன். நஸ்ரின் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே கேட்டாள்: “எங்கத்தா கடை ஃப்ரீசர் மைனஸ் பதினெட்டு. பக்கத்துல அடுப்படி நாப்பது. அப்ப அடுப்படி ஃப்ரீசரவிட எத்தன மடங்கு சூடு? கணக்குப் போட்டுச் சொல்லு, அத்தா போர்டுல எழுதிப் போடுவாரு.” போட்டுப் பார்த்தேன். விடை மைனஸில் வந்தது. பன்னிரண்டு டிகிரி கூடுகிறது என்று சொல்லலாம், மடங்கு என்று சொல்லக்கூடாது. அந்தப் பூஜ்யம் தண்ணீர் உறைகிற இடம், வெப்பமே இல்லாத இடமா என்ன!

இவை சிரித்துவிட்டுப் போகிற தப்புகள். யாருடைய தலையிலும் தண்ணீர் சொட்டவில்லை. கூரைத் தப்பு வேறு மாதிரி.

நடந்தது இதுதான். வருஷக் கடைசி மழைக்கு முன்னால் அந்தத் தோட்டத்து வீடுகளுக்குக் கூரை மாற்றிக் கொடுக்க ஒரு நல்ல மனசுக்காரர் தகரம் தர முன்வந்தார். பன்னிரண்டு வீட்டுக்கு ஆகும் தகரம், வீட்டுக்கு முப்பத்தாறு தகடு என்ற கணக்கில். அங்கே இருப்பது நாற்பத்து மூன்று வீடு. எந்தப் பன்னிரண்டு என்று கேட்டுச் சொல்ல வேண்டியது எங்கள் குழு. கேட்டவள் நான்.

போரத்தில் ‘1 மிக மோசம், 5 மிக நன்று’ என்று தெளிவாக அச்சிட்டிருந்தது. முதல் பத்து வீட்டில் அதை முழுசாக வாசித்தேன். வெயில் ஏற ஏற வாசிப்பு சுருங்கியது. ‘ஒன்னுலேர்ந்து அஞ்சு வரைக்கும் ஒரு நம்பர் சொல்லுங்க’ என்று ஆகிவிட்டது. வாசலிலேயே நின்று கேட்டேன். வீட்டுக்குள் போகவில்லை, நேரமாகும் என்று. மழை இல்லாத வாரம் அது. நாற்பத்து மூன்று வீட்டையும் ஒன்றரை நாளில் முடித்து, மேலாளரிடம் சபாஷ் வாங்கினேன். ஒன்றும் இரண்டும் சொன்ன வீடுகள் சரியாகப் பன்னிரண்டு வந்தன. எவ்வளவு அழகு! பட்டியலைக் கோயில் மண்டபத்துத் தூணில் ஒட்டிவிட்டு வந்தோம். பட்டியலில் சரசு அக்கா பேர் இல்லை. ஏன் என்று அவர் கேட்டு அனுப்பியதால், நேரில் சொல்லத்தான் அந்த மழையில் போனேன்.

“ஏன்க்கா, கூரை இப்படி இருக்கும்போது அஞ்சுன்னு சொன்னீங்க?”

“இப்படி இருக்கறதனாலதான் அஞ்சுன்னு சொன்னேன். புகைக்கூடத்துல பதினாறு வருஷம் ஷீட்டு தரம் பிரிச்சவ நான். ஒன்னு ஒசத்தி. அஞ்சு கழிசல். ஒனக்கு யாரு தலகீழா சொல்லிக் குடுத்தது?”

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் பாலை உறைய வைத்து, உருளையில் நசுக்கி, புகைக்கூடத்தில் தொங்கவிட்டுக் காய வைத்து ரப்பர் ஷீட் செய்வார்கள். காய்ந்ததை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து ஒன்று முதல் ஐந்து வரை தரம் பிரிப்பது பெண்கள் வேலை. தேன் நிறத்தில் கண்ணாடி மாதிரி இருந்தால் ஒன்று. குமிழி, பட்டைத்துகள், பூசணம், கருகல் என்று ஏற ஏற எண்ணும் ஏறும். தோட்டம் முழுக்க அந்தக் கணக்கில்தான் பேசியிருக்கிறது. கல்யாணத்துக்குப் பெண் பார்த்தால் ‘ஒன்னாம் நம்பர்’, கள்ளு புளித்திருந்தால் ‘அஞ்சாம் நம்பர்’. நான் போய், ஒன்று முதல் ஐந்து வரை சொல்லுங்கள் என்று கேட்டால் அவர்கள் வேறு எதைச் சொல்வார்கள்?

கூரையைப் பார்த்தேன். தாங்க முடியாத வெட்கமும், அதற்கு நடுவில் ஒரு குதூகலமும், இரண்டும் சேர்ந்து வந்தன. நான் அப்படிப்பட்டவள், என்ன செய்ய? புத்தகத்தில் படித்த வரிசை அளவை கண் முன்னால் சொட்டிக்கொண்டிருந்தது.

“சரிபண்ணிடறேன்க்கா.”

“மொதல்ல அந்த வாளிய நகத்திட்டு நில்லு. கால் மேல ஊத்துது.”

அன்றைக்குத் திங்கட்கிழமை. தகர லாரி வியாழக்கிழமை காலை.

இரவோடு இரவாக எழுதித் தள்ளினேன் என்றெல்லாம் நினைக்காதீர்கள். நேராக நஸ்ரினுக்குப் போன் போட்டேன். அவள் ஒரு நிமிஷத்தில் தீர்வு சொன்னாள்: “திருப்பிப் போட்ரலாம் லா. அஞ்ச ஒன்னாக்கு, ஒன்ன அஞ்சாக்கு. ஒரு கட்டளதான்.” நானும் துள்ளினேன். மறுநாள் காலையில் அவள் திருப்பியும் போட்டாள். புதுப் பட்டியலில் முதல் பேர் சரசு அக்கா. அதற்கு அடுத்து வந்த பேர் ஓர் இளம் குடும்பத்துடையது. அந்த வீட்டை எனக்கு நன்றாக நினைவிருந்தது. போன வருஷம் போட்ட புத்தம் புதுக் கூரை, நீல நிறம், தூரத்திலிருந்தே பளபளக்கும்.

நஸ்ரின் அந்த வரியை விரலால் தொட்டாள். “இவன் அஞ்சு குடுத்தது… நட்சத்திரம்டி. எங்கத்தா கடைக்குப் போன்ல நட்சத்திரம் போடறாங்கள்ல, அந்த அஞ்சு.”

அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. புகைக்கூடத்தையும் பால் மரத்தையும் பார்த்தவர்கள் ஒன்றை உச்சியில் வைத்துச் சொல்லியிருக்கிறார்கள். போனில் நட்சத்திரம் போட்டே வளர்ந்தவர்கள் ஐந்தை உச்சியில் வைத்துச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு திசையில் ஓடும் எண்கள் ஒரே கட்டத்தில் உட்கார்ந்திருந்தன. நேராகப் போட்டாலும் தப்பு, திருப்பிப் போட்டாலும் தப்பு. பிறகு பார்த்தபோது, முதல் பட்டியலில் இருந்த பன்னிரண்டில் ஐந்து வீடுதான் நிஜமாகவே ஒழுகியது. மிச்சம் ஏழும் ‘ஒன்னாம் நம்பர்’ கூரைகள்.

இதில் கொடுமை என்ன தெரியுமா? சராசரி மூன்று சொச்சம் வந்திருந்தது. ‘கூரைகளின் நிலை நடுத்தரம்’ என்று அறிக்கையில் எழுதியிருந்தேன். மேலே இழுப்பவர்களும் கீழே இழுப்பவர்களும் சேர்ந்து நடுவில் நிறுத்திவிட்டார்கள். பார்க்க அவ்வளவு நியாயமான எண்! சந்தேகமே வராது. இப்போதெல்லாம் நடுவில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும் சராசரியைப் பார்த்தால்தான் போரங்களைத் திரும்ப எடுத்துப் பார்க்கிறேன்.

மேலாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். “பட்டியல் ஒட்டியாச்சு. பேர் பாத்தவங்க பழைய தகரத்தக் கழட்டவே ஆரம்பிச்சிருப்பாங்க. இந்தப் பட்டியல் தப்பு, சரி. சரியான பட்டியல் எங்க? ஒரு நாள்ல நாற்பத்து மூனு வீட்டையும் மறுபடி கேப்பியா? கேட்டா இந்தத் தடவ எல்லாரும் என்ன நம்பர் சொல்வாங்க?”

அது சரியான கேள்வி. தகரம் எந்த எண்ணுக்குக் கிடைக்கும் என்று இப்போது ஊருக்கே தெரியும். இனி கேட்டால் எந்தத் திசையில் கேட்டாலும் நாற்பத்து மூன்று வீடும் படுமோசமாகத்தான் இருக்கும்.

பேருந்து ஏறி மறுபடி சரசு அக்கா வீட்டுக்கே போனேன். மன்னிப்புக் கேட்கப் போனேன், அவ்வளவுதான் எண்ணம். நண்பகல். வெயில் அடித்தது. அக்கா வெயிலுக்காகக் கதவு ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே எதையோ தேடிக்கொண்டிருந்தார். நான் உள்ளே நுழைந்ததும் அனிச்சையாகக் கதவைச் சாத்தினேன். இருட்டில் மேலே பார்த்தேன்.

கூரை முழுக்க வெளிச்சப் புள்ளிகள். சில குண்டூசி முனை, சில வெள்ளிக்காசு அளவு, ஒரு மூலையில் கையே நுழைகிற மாதிரி ஒரு கிழிசல்.

“ஷீட்டையும் இப்படித்தான் பாப்போம்,” என்றார் அக்கா, பக்கத்தில் வந்து தானும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே. “ஜன்னலுக்கு எதுத்தாப்புல புடிச்சா அதுவே சொல்லும். யாரையும் கேக்க வேணாம்.”

“அக்கா, நாளைக்கு வேல இருக்கா?”

“ஏன்?”

“நாற்பத்து மூனு வீட்டுக்கும் தரம் போடணும்.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “தனியா போட மாட்டேன். மூனு பேரு வேணும். பாக்கியத்தையும் அவ நாத்தனாரையும் கூப்புடறேன், அவுங்களும் புகைக்கூடந்தான். இன்னொன்னு. எவ ஷீட்ட எவ காயப்போட்டாளோ, அத அவ தரம் போடக்கூடாது. எங்க எடத்துல அதான் மொற. எங்க வீடுங்க வரும்போது நாங்க வெளிய நிப்போம்.”

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு நல்ல வெயில். அந்த மூன்று பேரும் வேலை செய்ததைப் பார்க்க நீங்கள் அங்கே இருந்திருக்க வேண்டும். ஒரு வீட்டுக்குள் போவார்கள். கதவு, ஜன்னல் எல்லாம் சாத்துவார்கள். பேச்சே இருக்காது. இருபது எண்ணுகிற நேரம் அண்ணாந்து நிற்பார்கள். பிறகு மூன்று பேரும் ஒரே சமயத்தில் விரலைக் காட்டுவார்கள், ஒருவரை ஒருவர் பார்த்து மாற்றிக்கொள்ளக்கூடாது என்பதற்காக. நாற்பத்து மூன்று வீட்டில் விரல்கள் வேறுபட்டது ஐந்தே வீட்டில். அந்த ஐந்திலும் ஒரு விரல் வித்தியாசம்தான். மறுபடி போய்ப் பார்த்து ஒத்துக்கொண்டார்கள். நான் வாசலில் நின்று கேட்டு வாங்கிய எண்களையும் இவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

நடுவில் ஓர் இடத்தில் என் ஆர்வம் அடங்காமல், “மூனு பேர் சொன்னதையும் கூட்டி மூனால வகுத்துக்கலாமா அக்கா?” என்று கேட்டுவிட்டேன்.

பாக்கியம் அக்கா நின்றுவிட்டார். “எதுக்கு வகுக்கணும்? ஒன்னுக்கும் ரெண்டுக்கும் நடுவுல ஒரு குமிழிதான் இருக்கு. நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல ஒரு கெணறே இருக்கு. ரெண்டும் ஒரே அடின்னு நெனச்சு கால வச்சீன்னா உள்ள விழுவ.”

தஞ்சோங் மாலிமில் ஒரு முழுப் பருவம் படித்ததை அவர் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றுவதற்குள் சொல்லி முடித்துவிட்டார். அந்த வரியை எழுதி என் மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். உங்களுக்காக அங்கேயே விட்டுவிட்டுப் போகிறேன், கிழிக்காதீர்கள்.

சிக்கல் கோவிந்தன் அண்ணன் வீட்டில் வந்தது. அவர் பேர் தூணில் ஒட்டிய பட்டியலில் முதலாவது. தன் கூரையைப் பற்றிப் பெருமையாக ‘ஒன்னு’ என்று சொன்னவர், பட்டியலைப் பார்த்ததும் சும்மா இருந்துவிட்டார். யாருக்குத்தான் புதுத் தகரம் கசக்கும்? வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள்.

“பேரு வந்துடுச்சு. ஒட்டின பேர எப்படி எடுப்பீங்க? நாங்க என்னா, வெளையாட்டுக்கா?”

நான் விளக்க ஆரம்பித்தேன். வரிசை அளவை, திசை, நட்சத்திரம் என்று ஏதேதோ. யாரும் கேட்கவில்லை. சரசு அக்கா என் தோளைப் பிடித்து மெல்ல ஒதுக்கினார்.

“அண்ணே. நாங்க உள்ள வரல. நீங்களே போங்க. கதவு ஜன்னல எல்லாம் சாத்திட்டு மேல பாருங்க. ஒரே ஒரு பொட்டு வெளிச்சம் தெரிஞ்சா போதும், உங்க பேரு அப்படியே இருக்கட்டும்.”

“தெரிஞ்சுதுன்னு சொல்லிட்டு வந்தா?”

“நீங்க சொல்றத நாங்க எழுதிக்குவோம்.”

நாற்பத்து மூன்று கூரையும் அந்த ஒரு வார்த்தையில் தொங்கின. அவர் பொய் சொன்னால் மற்ற ஆறு பேரும் சொல்வார்கள். பிறகு அந்தப் பெண்களின் விரல்களுக்கு என்ன மதிப்பு? நானாக இருந்தால் நிச்சயம் கூடவே உள்ளே போயிருப்பேன், போனில் படம் எடுத்திருப்பேன். அக்கா கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

கோவிந்தன் அண்ணன் உள்ளே போனார். கதவு சாத்திய சத்தம். ஜன்னல்கள் ஒவ்வொன்றாக. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. கூட்டத்தில் யாரோ, “தூங்கிட்டாரு போல லா,” என்றார்கள்.

கதவு திறந்தது. அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார்.

“கும்மிருட்டு,” என்றார். பிறகு கொஞ்சம் சத்தமாக, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி: “ஒன்னுதான்! நானே போட்ட கூரை. பின்ன எப்படி இருக்கும்?”

சிரிப்பு வெடித்தது. அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்போடு பட்டியல் கிழிந்தது. மற்ற ஆறு வீட்டில் நான்கு பேர் தாங்களாகவே ஒத்துக்கொண்டார்கள். ஒருவர் முணுமுணுத்தார். இன்னொருவர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. போனால் நாயை அவிழ்த்துவிடுவார். எச்சரிக்கையாக இருங்கள்.

மதியத்துக்குள் தரம் முடிந்தது. ஐந்தாம் தரம் ஒன்பது வீடு, நாலாம் தரம் பத்து. மொத்தம் பத்தொன்பது. நம்மிடம் இருப்பது பன்னிரண்டு வீட்டுத் தகரம். ஐந்துகள் ஒன்பதும், நாலுகளில் மூன்றும் என்று எழுத எனக்குக் கை போனது. பாக்கியம் அக்காவின் கிணறு நினைவுக்கு வந்ததால் நிறுத்தினேன். தரம் யார் முதலில் என்று சொல்லும். யாருக்கு எவ்வளவு என்று சொல்லவே சொல்லாது. வீட்டுக்கு முப்பத்தாறு என்று யார் சொன்னது?

கூரை வேலை செய்யும் முருகன் அண்ணனை ஏணியோடு வரச் சொன்னோம். மறுநாள் தகரம் மாட்டப்போகிறவரே அவர்தான். பத்தொன்பது வீட்டிலும் ஏறி, மாற்ற வேண்டிய தகடுகளை மட்டும் எண்ணினார். ஐந்தாம் தரத்தில் ஒரே அறை வீடு ஒன்று, கூரையே போய்விட்டது, ஆனால் பதினாலு தகடு போதும். நாலாம் தரத்தில் ஒரு பெரிய வீடு, இருபத்தாறு தகடு கேட்டது. இந்த எண்களைக் கூட்டலாம், கழிக்கலாம், பங்கு போடலாம். பூஜ்யம் தகடு என்றால் நிஜமாகவே வேலை இல்லை என்று அர்த்தம். எனக்கு அந்த ஏணிக்குக் கீழே நின்று கைதட்ட வேண்டும் போல இருந்தது. நாலாவது ஜாதி வந்துவிட்டது!

லாரியில் வருவது நானூற்று முப்பத்திரண்டு தகடு. பத்தொன்பது வீட்டுக்கும் சேர்த்துத் தேவை நானூற்று நாற்பத்து மூன்று. பன்னிரண்டு வீட்டுக்கு வந்த தகரம் கிட்டத்தட்டப் பத்தொன்பது வீட்டை மூடுகிறது. குறைவது பதினொன்று.

யாருக்குக் குறைப்பது? அதை மட்டும் தகடு எண் சொல்லாது. அதற்குத் தரத்திடம்தான் திரும்பப் போக வேண்டும்.

சரசு அக்கா வீட்டை நான் இன்னும் சொல்லவில்லை. அவர் முறைப்படி வெளியே நின்றார். பாக்கியம் அக்காவும் நாத்தனாரும்தான் உள்ளே போனார்கள். நான் கூடப் போனேன். அந்த வெளிச்சப் புள்ளிகளைப் பார்த்ததும் மனசுக்குள் ‘அஞ்சு, அஞ்சு’ என்று ஓடியது. இரண்டு பேரும் காட்டியது நான்கு விரல்.

வெளியே வந்து பாக்கியம் அக்கா சொன்னார். “நாலு. நாலுலயும் நல்ல நாலு.”

சரசு அக்காவின் முகம் மாறியது. “நல்லா பாத்தியாடி? மூலையில கிழிஞ்சிருக்கு, அது?”

“பாத்தேன். மரச்சட்டமெல்லாம் உறுதியா இருக்கு. உன் வீடுங்கறதனால உனக்கு அஞ்சா தெரியுது. நீயே இன்னொருத்தி வீட்டுல இதப் பாத்தா நாலுன்னுதான் சொல்லுவ. சொல்ல மாட்டியா?”

எனக்குக் குறுக்கே பேச வேண்டும் போல இருந்தது. இந்த வேலையே அக்காவால்தான் நடக்கிறது, அவருக்கு முதல் தகடு போட்டால் என்ன? வாயைத் திறந்தேன். அக்கா என்னைப் பார்க்காமலே கையைக் காட்டி நிறுத்தினார்.

“எழுதிக்க பாப்பா. நாலு.”

நாலுகளுக்குள்ளும் அந்த இரண்டு பேரே வரிசை போட்டார்கள். நல்ல நாலு என்பதால் சரசு அக்கா பத்தொன்பதாவது. அவர் வீட்டுக்கு வேண்டியது இருபத்து நாலு தகடு. கடைசிப் பதினொன்று அவருடையதுதான்.

வியாழக்கிழமை லாரி வந்தது. மூன்று நாள் வேலை. சனிக்கிழமை மாலை, அக்கா வீட்டில் கூடத்துக்கும் படுக்கிற அறைக்கும் பதின்மூன்று தகடு மாட்டி முடித்து, முருகன் அண்ணன் கூரையிலிருந்து கையை விரித்தார். “தகரம் ஹாபிஸ் லா, முடிஞ்சுபோச்சு!” சமையல் கட்டுக்கு மேலே நீலக் கித்தானை இழுத்துக் கட்டிவிட்டு இறங்கினார்.

அக்கா என்னை உள்ளே கூப்பிட்டு, கூடத்துக் கதவைச் சாத்தினார். ஜன்னல்களையும். கும்மிருட்டு. பக்கத்தில் அவர் நிற்பது மூச்சுச் சத்தத்தில்தான் தெரிந்தது.

“இது?” என்றார்.

“ஒன்னு,” என்றேன்.

“வா, இந்தப் பக்கம்.” சமையல் கட்டுக்குள் போனோம். கித்தான் வழியாக நீல வெளிச்சம் அடுப்பின் மேலும் டப்பாக்களின் மேலும் எங்கள் முகத்திலும் விழுந்தது. “இது அஞ்சு. இப்ப ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்து மூனுன்னு எழுதிட்டுப் போயிடாத.”

மூன்று வருஷத்தில் என் வேலையைப் பார்த்து யார் யாரோ என்னென்னவோ சொல்லியிருக்கிறார்கள். என்னைத் திருத்தியது இந்த ஒரு வரிதான்.

அடுத்த மாதம் நான் ஹுத்தான் மெலிந்தாங் போகிறேன். அங்கே மீன் பிடிக்கும் குடும்பங்களின் வீடுகளைப் பார்க்கும் வேலை. கையில் இருக்கும் புதுப் போரத்தில் கூரைக்கு எண் இல்லை. கதவைச் சாத்து, மேலே பார், எத்தனை தகடு என்று எண்ணு, அவ்வளவுதான். அங்கே மீனைத் தரம் பிரிக்கும் பெண்கள் இருப்பார்கள். அவர்கள் எண் எந்தத் திசையில் ஓடுகிறது என்று முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சரியாக வருமா என்று தெரியாது. முயன்று பார்க்கத்தான் போகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை மிச்சம் இருக்கிறது. கோப்பெங் டவுனில் ஒரு பழைய கிடங்கைப் பிரிக்கிறார்களாம், நல்ல தகடாக எடுத்துக்கொள்ளலாம் என்று முருகன் அண்ணனிடம் சொல்லியிருக்கிறார்கள். கோவிந்தன் அண்ணன் தன் லாரியைக் கொண்டு வருகிறேன் என்றிருக்கிறார். நஸ்ரினும் வருகிறாள், அவள் அத்தா கடைப் பொட்டலங்களோடு. நீங்கள் மூன்று பேரும் காலை எட்டு மணிக்கு வந்துவிடுங்கள். கையுறை கொண்டு வாருங்கள், தகர விளிம்பு அறுக்கும்.

சரசு அக்கா சமையல் கட்டுக்கு இன்னும் பதினொன்று வேண்டும். மிச்சம் பூஜ்யம் ஆகும் வரை எண்ணுவோம்.